மூக்கம்மாளுக்கு மட்டும் எழுதிய புத்தகம்

மழைக்காலத்தில் சாக்பீஸ் கரும்பலகையில் பிடிப்பதில்லை. சக்குபள்ளத்தில் ஆனி பிறந்து ஐப்பசி முடியும்வரை சுவரெல்லாம் ஈரம். பலகையில் எழுதிய எழுத்து சற்று நேரத்தில் கூழாகி வழிந்துவிடும். நான் புத்தகம் எழுதத் தொடங்கியதற்கு ஆரம்பத்தில் வேறு காரணம் இருக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை.

சப் இன்ஸ்பெக்டர் அவர்களுக்கு, நேற்றுப் பகல் உங்கள் ஸ்டேஷனில் சங்கையா தமிழில் சொல்ல, நான் மலையாளத்தில் எழுதிக்கொடுத்தேனே, அந்த வாக்குமூலத்தில் ஒரு பிழை இருக்கிறது. எழுதும்போதே அது எனக்குத் தெரியும். நாளை வெள்ளிக்கிழமை அதை வைத்து அவரைக் கோர்ட்டில் ஒப்படைக்கப் போவதாகச் சொன்னீர்கள். அதற்குள் இது உங்கள் கைக்கு வந்துசேர வேண்டும். தமிழில் எழுதுவதற்கு மன்னிக்கவும். மலையாளத்தில் என்னால் எழுத முடியும். ஆனால் சொற்களை நிறுத்துப் பார்த்து எழுத முடியாது. வாசித்துச் சொல்ல ஓர் ஆள் உங்களுக்குக் கிடைப்பார்.

என் பெயர் லட்சுமிநாராயணன். பூர்வீகம் பாலக்காடு, கல்பாத்தி. தமிழ் வித்துவான் தேர்வில் முதல் வகுப்பு. பதினோர் ஆண்டுகள் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தினேன். நான் பார்த்துக் கொடுத்த எந்த நூலின் கடைசியிலும் பிழைதிருத்தப் பட்டியல் ஒட்டும் அவசியம் நேர்ந்ததில்லை. அச்சகம் மூடியபின் பயிற்சி முடித்து, மூன்று ஆண்டுகளுக்கு முன் இந்த ஏலத்தோட்டத்துப் பள்ளிக்கு வந்தேன். ஒரே அறை, ஒரே ஆசிரியர், தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயங்களிலிருந்து வரும் முப்பத்தாறு பிள்ளைகள்.

ஆசிரியர் பயிற்சியின்போது எங்களுக்கு ஒரு விநோதமான கணக்குப் புத்தகத்தைக் காட்டினார்கள். விடை பன்னிரண்டு என்றால் ஒன்பதாம் பக்கத்துக்குப் போ, பதினான்கு என்றால் இருபதாம் பக்கத்துக்குப் போ என்று அது சொல்லும். இருபதாம் பக்கத்தில் உன் தவறு என்ன என்று எழுதியிருக்கும். பலகை நனைந்த அந்த மழைக்காலத்தில் அது நினைவுக்கு வந்தது. கணக்கை எடுத்துவிட்டுக் கதையை வைத்தேன். வாசிப்பவரே கதையில் நடப்பவர். காட்டுப் பாதையில் வலப்பக்கம் போனால் பக்கம் ஆறு. இடப்பக்கம் போனால் பக்கம் பதினொன்று.

முதலில் நல்ல கதையாகத்தான் எழுதினேன், காணாமற்போன பசுவைத் தேடுவதாக. பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். பசுவை எடுத்துவிட்டு, மேட்டில் பூட்டிக்கிடக்கும் பங்களாவையும் அதனுள் நடமாடும் ஒன்றையும் வைத்தேன். அன்று பள்ளி விட்டும் ஒருவரும் எழுந்து போகவில்லை. பயந்தால்தான் பிள்ளைகள் வாசிக்கிறார்கள். இதை நான் உண்டாக்கவில்லை, கண்டுகொண்டேன்.

நாற்பது பக்கம், பதினான்கு முடிவுகள். பதின்மூன்றில் வாசிப்பவர் சாவார். ஒன்றில் மட்டும் பிழைப்பார். ஆபீசில் பழைய கார்பன் தாள் வாங்கி எட்டுப் பிரதிகள் எடுத்தேன். அவை லயம் லயமாகச் சுற்றின. எழுத்து வாசனையே இல்லாத சங்கையாகூட ஒருநாள் பள்ளி வாசலில் வந்து நின்று, மகள் வாசித்துக் காட்டியதாகவும், தானே வழி சொன்னதாகவும் கூறினார். "மூணு தடவ போனேன் சார். மூணு தடவயும் சாவுதான் வந்துச்சு. எம்மவ சிரிக்கா, ஒனக்கு ஒளியவே தெரியல அப்பான்னு." சொல்லும்போது அவரும் சிரித்தார்.

சங்கையா எங்கள் தோட்டத்து ஸ்டோர்க்காரர். பறித்துவந்த பச்சை ஏலக்காயைச் சூட்டறையில் உலர்த்தி எடுப்பவர். அவருடைய ஒரே மகள் மூக்கம்மாள். பதினொரு வயது, ஐந்தாம் வகுப்பு.

மற்றப் பிள்ளைகள் அனைவரும் ஏமாற்றி வாசித்தார்கள். கிளை பிரியும் பக்கத்தில் ஒரு விரலை வைத்துக்கொண்டு அடுத்த பக்கத்தை எட்டிப்பார்ப்பார்கள். சாவு என்றால் விரல் இருந்த இடத்துக்குத் திரும்பிவிடுவார்கள். சில சமயம் ஐந்து விரல்களும் ஐந்து பக்கங்களில் இருக்கும். மூக்கம்மாள் விரல் வைக்கமாட்டாள். செத்தால் முதல் பக்கத்திலிருந்து தொடங்குவாள். அதற்காக அவளை நான் உயர்வாகவே மதித்தேன் என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன்.

ஒருநாள் அவள் சிலேட்டில் ஒரு மரம் வரைந்துகொண்டு வந்தாள். அடியில் ஒன்று, அதிலிருந்து ஆறு, பதினொன்று, அவற்றிலிருந்து வேறு கிளைகள். புத்தகம் முழுவதும் அந்தச் சிலேட்டில் இருந்தது.

"சார், இருவத்தேழாம் பக்கத்துக்கு யாருமே போவச் சொல்லல சார். அது சும்மா கெடக்கு."

வகுப்பு நிமிர்ந்து பார்த்தது. செல்லத்துரை என்ற பையன் எனக்குப் பரிந்து வந்தான். "சார் வேணும்னுதான் ஒளிச்சு வச்சிருக்காரு, போடி."

"ஒளிக்கல லே. மறந்துட்டாரு," என்றாள் அவள்.

குரலில் கேலி இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். நானும் பிள்ளைகளோடு சேர்ந்து சிரித்து, அவளைத் தட்டிக்கொடுத்து, அன்று மாலையே எட்டுப் பிரதிகளையும் திருத்தினேன்.

இரண்டாவது புத்தகத்தை ஆறு வாரம் எழுதினேன். அவளுக்கு அது இரண்டு நாள். ஒன்பதாம் பக்கத்தில் கிணற்றில் விழுந்து இறந்த காவல்காரன், இன்னொரு வழியாக வந்தால் முப்பத்துமூன்றாம் பக்கத்தில் கதவு திறக்கிறான். "செத்தவன் எப்பிடி சார் கதவத் தெறந்தான்? அவன் பேயா? பேய்னா சாவி எதுக்கு?" என்று கேட்டாள். மூன்றாவது புத்தகத்தில், பன்னிரண்டிலிருந்து பதினெட்டுக்கும் பதினெட்டிலிருந்து பன்னிரண்டுக்கும் போய்ப்போய் வரவேண்டியிருந்தது. "இதுல சாவவும் முடியல, வெளிய வரவும் முடியல சார்," என்றாள். பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். அதன்பிறகு புதிய புத்தகம் வந்தால் யாரும் வாசிப்பதில்லை; அவள் குறை கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருந்தார்கள்.

எனக்குக் கோபம் வரவில்லை. அயர்ச்சிதான் வந்தது. நாற்பத்தாறு வயதில், யாரும் கேட்காத ஒரு வேலையைக் குறையில்லாமல் செய்ய முயன்று, மூன்று முறை குறையோடு திரும்பப் பெறுவது எவ்வளவு அயர்ச்சி என்பதை நீங்கள் அறியக்கூடும். உங்களுக்கும் மேலதிகாரிகள் உண்டு.

அயர்ச்சியிலும் நான் காரணத்தைத் தேடினேன். பிழை கண்ணில் படுவது எப்போது? சாவகாசமாக உட்கார்ந்து, கையில் சிலேட்டை வைத்துக்கொண்டு வாசிக்கும்போது. அச்சகத்தில் நானும் அப்படித்தான் கண்டுபிடித்தேன். உண்மையாகவே பயந்துகொண்டு வாசிப்பவருக்குப் பிழை தெரியாது. ஆகவே, மாற்ற வேண்டியது புத்தகத்தை அல்ல, வாசிக்கும் இடத்தை.

நான்காவது புத்தகத்தை ஒரே ஒரு பிரதி எழுதினேன். கார்பன் வைக்கவில்லை. நீல அட்டை போட்ட நோட்டு. அது இப்போது உங்கள் மேசைமேல் இருக்கிறது. அவளுடைய பாடநோட்டு என்று நீங்கள் எண்ணியிருக்கிறீர்கள்.

அதில் வரும் பேய்க்கு உருவம் இல்லை. தெரிந்தவர்களுடைய குரலில் அது கூப்பிடும். இதை எழுத நான் சிரமப்படவில்லை. இங்குள்ளவர்கள் ஒரு குரல் கேட்டவுடன் பதில் சொல்லமாட்டார்கள் என்பதை நீங்களும் கவனித்திருப்பீர்கள். முதல் இரண்டு அழைப்பும் எதனுடையதாகவும் இருக்கலாம், மூன்றாவதுதான் மனிதக் குரல் என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் உள்ள நம்பிக்கை. வந்த புதிதில், பெயர் கூப்பிட்டு வருகைப் பதிவு எடுக்கவே எனக்கு அரைமணி ஆயிற்று.

அந்தப் புத்தகத்தின் விதி, ஒவ்வொரு பக்கத்தையும் அதில் சொல்லிய இடத்தில் நின்றுதான் வாசிக்க வேண்டும் என்பது. ஒன்றாம் பக்கம் பள்ளி வராந்தா. ஐந்தாம் பக்கம் தண்ணீர்க் குழாயடி. பதினாறு, மூன்றாம் லயத்தின் பின்பக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் தொடங்க வேண்டும், யாருக்கும் சொல்லக்கூடாது என்பதும் விதி. அந்த வழியை நான் கைக்கடிகாரத்தோடு இருமுறை நடந்து பார்த்தேன். சனிக்கிழமை அவளிடம் நோட்டைக் கொடுத்து, இதில் பிழையே கிடையாது என்றேன். அவள் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு, "பாப்போம் சார்," என்றாள். டார்ச் லைட்டையும் கொடுத்தேன். அறையில் நீங்கள் எடுத்த டார்ச் சங்கையாவுடையது அல்ல. புது பாட்டரி போட்டிருந்தேன்.

இருபத்திரண்டாம் பக்கம் ஸ்டோரின் வாசல். குரல் வந்த திசைக்குப் போனால் இருபத்துநான்கு. சூட்டறைக்குள் ஒளிந்தால் இருபத்தாறு. அவள் எதைத் தேர்ந்தெடுப்பாள் என்று எனக்குத் தெரிந்திருந்ததா என நீங்கள் கேட்கலாம். என் முந்தைய மூன்று புத்தகங்களிலும் குரலைத் தேடிப் போனவர் பிழைத்ததில்லை, ஒளிந்தவரே பிழைத்தார். அதை அவள் எல்லாரையும்விட நன்றாக அறிவாள். ஆயினும் தேர்வு அவளுடையது.

சூட்டறையைத் திறந்தபின்தான் நீங்கள் பார்த்தீர்கள். வேலை நடக்கும்போது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். கீழே இரும்புக் குழாய்கள்; வெளியே அடுப்பில் விறகு எரிந்தால் அவை காயும். மேலே கூரைவரை கம்பிவலைத் தட்டுகள். கடைசி அடுக்குக்கும் சுவருக்கும் நடுவே, பெருக்குவதற்கென்று ஓர் இடைவெளி. பெரியவர் ஒருவர் அதில் நுழைய முடியாது. ஒரு முழமும் நாலு விரலும், அளந்து பார்த்தேன். காயைத் தட்டில் பரப்பிக் கதவை அடைத்து, இடுக்கில் சாக்கைத் திணித்து அடுப்பு மூட்டினால், மறுநாள்வரை திறக்கக்கூடாது. நடுவில் திறந்தால் காயின் பச்சை நிறம் போய்விடும். துரையே வந்து நின்றாலும் ஸ்டோர்க்காரர் திறக்கமாட்டார். அது பிடிவாதமல்ல, அவருடைய தொழில்.

ஆனால் அடைப்பதற்கு முன், சங்கையா ஒருநாளும் தவறாமல் ஒன்று செய்வார். வாசலில் நின்று, "உள்ள யாரு?" என்று மூன்று முறை கூப்பிடுவார். முதல் அழைப்புக்கு எவரும் பதில் சொல்லமாட்டார்கள் என்பதால் மூன்று. பதினைந்து ஆண்டுகளாக அப்படித்தான்.

சனிக்கிழமை பறித்த காய் மிகுதி. கழுவி நீர் வடியவிட்டு, அதை ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தட்டேற்றினார்கள். அவள் அதற்குமுன் உள்ளே போய் அந்த இடைவெளியில் ஒளிந்துவிட்டாள். நான் ஸ்டோரின் பின்சுவரோரம், கூரை விளிம்பின்கீழ் குடையோடு நின்றேன். ஏலம் ஏற்றியவர்கள் போனார்கள். சங்கையா வாசலுக்கு வந்தார்.

முதல் முறை கூப்பிட்டார். இரண்டாம் முறை கூப்பிட்டார். மூன்றாம் முறையும் கூப்பிட்டுவிட்டு, வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே காத்திருந்தார். பிறகு கதவு அடைபட்டது.

நேற்று அவர் உங்களிடம் சொன்னது இது: "நாந்தான் கொன்னேன். கூப்பிடவே இல்ல. கூப்பிடாம அடச்சிட்டேன். அப்பிடியே எழுதுங்க சார்." நான் எழுதினேன். நீங்கள் "மதி மாஷே", போதும் என்று தாளை வாங்கிக்கொண்டீர்கள்.

அவர் ஏன் பொய் சொன்னார் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. உங்கள் வராந்தாவில் காத்திருந்தபோது அவர் மனைவி சாந்தம்மாளிடம் கேட்டேன். தரையைப் பார்த்தபடியே சொன்னாள். "கூப்பிட்டாருன்னா, புள்ள கேட்டுட்டுச் சும்மா இருந்துச்சுன்னுல்ல ஆவும். சாவப் போனான்னு நாலு பேரு பேசுவாக. எம்புள்ள பேரக் கெடுக்கவா சார்? அவரு செயிலுக்குப் போனாப் போறாரு."

ஒரு தகப்பன், பெண்ணின் பெயருக்காக, தன் தொழிலில் ஒருநாளும் செய்யாத குற்றத்தைச் செய்ததாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அதை என் கையெழுத்தில், என் நடையில், ஓர் அடித்தல்கூட இல்லாமல் நான் எழுதிக்கொடுத்திருக்கிறேன். மூன்று முறை கூப்பிட்டார். நான் கேட்டேன். அவளும் கேட்டாள். அவள் சாகப் போகவும் இல்லை. இருபத்தாறாம் பக்கத்தை யாரையேனும் வாசிக்கச் சொல்லுங்கள்: "மூன்று முறை கூப்பிடும். உன் அப்பாவின் குரலாகவே இருக்கும். மூன்றாவதும் அதனுடைய குரல்தான். பதில் சொன்னால், பக்கம் இருபத்தெட்டு. மூச்சுக் காட்டாமல் இருந்தால், பக்கம் முப்பது."

அவள் விதிப்படி வாசித்தாள். அவ்வளவே.

முப்பதாம் பக்கத்தில், அறை சூடாகும், அதற்குப் பயப்பட வேண்டியதில்லை, சூடு இருக்கும்வரை பேய் உள்ளே வராது என்று எழுதியிருந்தேன். அவள் பொறுமையாக இருக்க வேண்டும் என்பதற்காக.

பதினொன்றரை மணிக்குச் சாந்தம்மாள் என் குடியிருப்புக்கு வந்து, பிள்ளையைக் கண்டீர்களா என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை, எங்காவது விளையாடிக்கொண்டிருக்கும் என்றேன். "சோத்துக்கு வந்துருவா, அப்படித்தான சார்?" என்றாள். வந்துவிடுவாள் என்றேன். அவள் போனபின், பன்னிரண்டேகால் மணிக்கு நான் மறுபடி ஸ்டோரின் பின்பக்கம் போனேன்.

இந்த இடத்தை நேற்று முழுவதும் நான் வேறு விதமாக எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அவளை வெளியே எடுக்கத்தான் போனேன், சங்கையாவிடம் சொல்லத்தான் போனேன், மழையில் என் குரல் அவருக்குக் கேட்கவில்லை என்று. அதையும் திருத்திவிடுகிறேன். சங்கையா முன்பக்கம் அடுப்படியில் இருபது தப்படி தூரத்தில் விறகு தள்ளிக்கொண்டிருந்தார். நான் அந்தப் பக்கம் போகவில்லை. பயந்த வாசகருக்குப் பிழை தெரியாது என்ற என் எண்ணம் சரிதானா என்று அறியப் போனேன்.

குளிரில் எனக்கு இருமல் வந்தது. வகுப்பில் நான் இருமுவதை அவள் தினமும் கேட்பவள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, காற்றுத் துளை வழியாக, அவள் குரல் வந்தது. அழவில்லை. மூச்சு வாங்கியது. வகுப்பில் எழுந்து நின்று சொல்வதுபோலவே சொன்னாள்.

"சார். முப்பத்தொண்ணாம் பக்கத்துக்குப் போன்னு போட்டிருக்கு. முப்பத்தொண்ணாம் பக்கம் இல்ல சார்."

தகரக் கூரையில் மழை பெய்துகொண்டிருந்தது.

"கடேசியா எழுதுன பக்கமே முப்பதுதான் சார். இருவத்தெட்டும் அங்கதான் போவச் சொல்லுது. எப்பிடிப் போனாலும் அங்கதான் போவணும். நான் பாத்துட்டேன்." பிறகு, "இங்க ரொம்பச் சுடுது சார்," என்றாள்.

அவள் சொன்னது முற்றிலும் சரி. எல்லா வழிகளும் முப்பத்தொன்றுக்கே போயின. பிழைப்பதும் அந்தப் பக்கத்தில்தான். நான் அதை எழுதவில்லை. நேரம் போதவில்லை என்று சொல்ல நினைத்தேன். நேரம் இருந்தது, தாளும் இருந்தது. முப்பதாம் பக்கத்துக்கு அப்பால் எவரும் வரப்போவதில்லை என்ற நிச்சயத்தில்தான் எழுதாமல் விட்டேன். டார்ச் வெளிச்சத்தில், அந்தச் சூட்டில், அப்பாவின் குரலுக்குப் பயந்து ஒடுங்கியிருந்துகொண்டு, அவள் நான்காவது பிழையையும் கண்டுபிடித்துவிட்டாள்.

நான் குடையைப் பிடித்துக்கொண்டு குடியிருப்புக்கு வந்து சாப்பிட்டேன். இரண்டு மணிக்குத் தேட ஆரம்பித்தார்கள். நானும் சேர்ந்து தேடினேன், ஆற்றுப் பக்கமாக. திங்கட்கிழமை காலை, நிறம் பிடித்தபின், சங்கையா கதவைத் திறந்தார்.

ஆகவே, கூப்பிடாமல் அடைத்தார் என்ற வாக்கியத்தை அடித்துவிட்டு, மூன்று முறை கூப்பிட்டார் என்று எழுதிக்கொள்ளுங்கள். அவரை வீட்டுக்கு அனுப்புங்கள். மூக்கம்மாளைக் கொன்றது நான். பள்ளியில்தான் இருப்பேன், ஜீப்பை மேலே அனுப்பினால் போதும், நடந்து வர உடம்பில் தெம்பில்லை.

ஒரு விண்ணப்பம் மட்டும். வழக்குக்கு வேண்டிய பொருள் என்பது தெரியும். எனினும் அந்த நீல நோட்டை இரண்டு நாள் என்னிடம் தர முடியுமானால் தாருங்கள். இன்னும் ஒரு பக்கம்தான். கதவு திறந்து அவள் வெளியே வருவதாக எழுதி முடித்துவிடுகிறேன். அதன்பிறகு அந்தப் புத்தகத்தில் யாரும் குறை சொல்ல முடியாது.